அசுவினிக்கு விதைத்த கடலை

மாப்பிள்ளை,

இன்று காலையில் கிணற்றடி அவரைப் பந்தலில் காய் பறிக்கக் கை வைத்தேன், விரல் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், கொழுந்து முழுக்கக் கருகருவென்று பேன் அப்பிக் கிடக்கிறது. மருமகள் சாம்பல் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். நான் என்னையறியாமல் அந்தக் கொழுந்தைப் பார்த்து, "வாங்க, வாங்க, எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். மருமகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சலெல்லாம் இல்லை. உன் பேச்சுதான் என் வாயில் வந்தது. பூச்சியை எதிர்கொண்டு போய் வரவேற்ற ஒரே மனுசன் இந்தத் திண்டுக்கல் சீமையில் நீதான். நீ போய்விட்டதை உன் மகள் போனில் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது. மருமகளுக்கு இதை எங்கே ஆரம்பித்து எங்கே சொல்லி முடிப்பது? உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தபால்காரன் தூக்கிச் சுமக்க வேண்டாத கடிதம், எவ்வளவு நீளமாக இருந்தாலும் கேட்பாரில்லை.

திண்டுக்கல்லில் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ டவுனில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பிள்ளை. நான் வடமதுரைப் பக்கத்துச் செம்மண் காட்டுக்காரன். நமக்குள் என்ன முறை என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நாமாகவே மாப்பிள்ளை முறை வைத்துக்கொண்டோம். நீ மேலே படித்து விவசாயத் துறையில் தற்காலிக வேலைக்குப் போனாய். நான் அப்பாவுக்குப் பின்னால் ஏர் பிடிக்கப் போனேன். அப்புறம் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஆனி மாதம், சைக்கிள் கேரியரில் மூன்று துணிப்பைகளைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு காக்கித் தொப்பியோடு எங்கள் ஊருக்குள் வந்து இறங்கினாய். தொப்பியைப் பார்த்து ஊர் நாய்களெல்லாம் உன்னைச் சூழ்ந்துகொண்டன. நான் வந்து விரட்டும்வரை நீ சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

நீ வந்த காரியம் நல்ல காரியம். நிலக்கடலையில் பேன் விழுந்தால் கொழுந்து சுருண்டு, செடி குன்றி, காய் உள்ளே பருப்பில்லாமல் பொக்காகிப் போகும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த வேதனை. எந்த ரகத்தில் பேன் ஏறுகிறது, எதில் ஏறவில்லை என்று பக்கத்தில் பக்கத்தில் விதைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று உன் மேலதிகாரி அனுப்பியிருந்தார். பைகளில் இருந்தவை மூன்று புது ரகங்கள். நாலாவது, எங்கள் ஊர்க் கொடிக்கடலை. இதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டும், மருந்து எதுவும் அடிக்கக் கூடாது. இவ்வளவுதான் நீ கேட்டது.

ஆனால் கேட்டவிதம் இருக்கிறதே. பெரியவர்கள் முன்னால் பேன் என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று உனக்கு ஒரு கூச்சம். புத்தகத்தில் அந்தப் பூச்சிக்கு அசுவினி என்று பெயர் போட்டிருக்கிறார்கள். நீயும் ஊர் மந்தைத் திடலில் எல்லோரையும் உட்காரவைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த நாலு ரகத்துல எது அசுவினிக்கு ஆகும், எது அசுவினிக்கு ஆகாதுன்னு பாக்கணுங்க" என்றாய்.

எங்கள் ஊரில் பூச்சிக்கு அந்தப் பெயர் கிடையாது. எங்களுக்கு அசுவினி என்றால் ஒன்றே ஒன்றுதான், இருபத்தேழு நட்சத்திரத்தில் முதல் நட்சத்திரம். உனக்கு அது தெரிய வழியில்லை. உன் வீட்டில் நட்சத்திரம் என்றால் மார்கழியில் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் தொங்கவிடுவதுதான். என் அப்பாவோ பஞ்சாங்கம் பார்க்காமல் முகம் மழித்துக்கொள்ளக்கூட உட்காரமாட்டார். அதுவரைக்கும், "அரசாங்க விதையைப் போட்டுப் பாக்குறதுக்கு எங்க காடுதானா கெடைச்சது?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"வேதக்காரப் புள்ள. அது நட்சத்திரம் பாத்துக் கடலை போடணும்ங்குது. நம்ம ஆளுகளுக்கு இம்புட்டு விவரம் இருக்கா?" என்று ஊரைப் பார்த்துக் கேட்டார். பிறகு உன்னைப் பார்த்து, "என் மேட்டுக்காட்டை எடுத்துக்கங்க தம்பி" என்றார்.

உனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதையே நீ சரியாகக் கேட்கவில்லை, நிலம் கிடைத்த வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. புறப்படும்போது சைக்கிளில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு, "நாலையும் ஒரே நாள்ல விதைச்சிருங்க. அசுவினிக்காகத்தான் இம்புட்டும், அதை மட்டும் மறந்துறாதீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாய். அப்பா, "மறப்பனா?" என்று நெஞ்சில் கை வைத்தார். அதோடு உன்னை வேறு தாலுகாவுக்கு வேலையாக அனுப்பிவிட்டார்கள்.

ஆடியில் நல்ல மழை. ஊரே விதைத்தது. அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார், அசுவினி அப்போதுதான் கடந்து போயிருந்தது. அடுத்த அசுவினிக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மேட்டுக்காட்டை உழுது போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஈரம் காய்கிறது என்று அம்மா தினமும் சண்டை பிடித்தாள். "அரசாங்கமே அசுவினிங்குது, நீ யாரு குறுக்க?" என்று அவள் வாயை அடைத்தார். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கே, என்னமோ ஆராய்ச்சியில் புதுசாக நட்சத்திரத்தைச் சேர்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் பட்டது.

ஆவணியில் அடுத்த அசுவினி வந்தது. நாலு ரகத்தையும் வரிசை வரிசையாக விதைத்தோம். புது ரகங்களுக்கு நீ கொடுத்திருந்த சிவப்பு, பச்சை, மஞ்சள் துணிகளைக் குச்சியில் கட்டி நட்டோம். எங்கள் கடலைக்குத் துணி இல்லை. நல்லவேளை, ஒரு மழையும் பெய்து வைத்தது. மறுநாள் நீ வந்து நிற்கிறாய். முழங்கால் உயரம் செடி நிற்கும், பூச்சியை எண்ண வேண்டியதுதான் என்ற நினைப்பில் வந்தாய். வீட்டு வாசலில் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "எப்படிங்கய்யா இருக்கு, அசுவினி வந்துச்சா?" என்று அப்பாவைக் கேட்டாய்.

"நேத்துத்தான் வந்துச்சு" என்றார் அப்பா.

நீ செம்பைக் கீழே வைத்துவிட்டாய். "வந்துருச்சா? எந்தச் செடில?"

"செடிலயா? அது வானத்துலதான தம்பி வரும்."

உன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்பா விதைத்த கதையைச் சொன்னார், நீ பூச்சியின் கதையைச் சொன்னாய். இரண்டு கதையும் நடுவாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அப்பாவுக்கு வந்ததே கோபம். "நட்சத்திரத்துப் பேரைக் கொண்டுபோயிப் பேனுக்கு வச்சவன் எவன்? அவனைக் கூட்டிட்டு வா மொதல்ல" என்றார். உனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். செத்த நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அந்தத் தண்ணீர் எல்லாம் சிரிப்பில் வந்தது இல்லை என்று.

அன்று சாயங்காலம் மேட்டுக்காட்டு வரப்பில் உட்கார்ந்து சொன்னாய். முந்தின வருசம் வத்தலக்குண்டுப் பக்கத்தில் இதே போல நாலு ரகம் விதைத்திருந்தாய். மழை விடாமல் அடித்து, ஒரு செடியிலும் பேன் தங்கவில்லை. நாலு ரகமும் ஒரே மாதிரி பச்சைப் பசேல் என்று நின்றன. விவசாயிக்குக் கொண்டாட்டம், உனக்கு வெறுங்கை. பேன் விழுந்தால்தானே எந்த ரகம் தாங்குகிறது என்று தெரியும்? இந்த வருசமும் இப்படிப் போனால் தை மாதத்தோடு வேலை இல்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வேலை போவதைவிடப் பெரிய விசயம் ஒன்றும் இருந்தது. டவுனில் கணக்கு வாத்தியார் மகள் ரோசலிக்கும் உனக்கும் பேசி வைத்திருந்தார்கள். "வேலை நிரந்தரம்னு ஆகட்டும் தம்பி, அப்புறம் ஓலை வாசிக்கச் சொல்லுவோம்" என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு உங்கள் கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று எல்லோரும் கேட்க வாசிப்பார்களாமே, அதுதான் ஓலை என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஓலையே இந்தப் பேன் கையிலதான் இருக்கு மாப்ள" என்றாய்.

அதற்கப்புறம் நீ பட்ட பாடு. இரண்டு நாளைக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பாய். ஊர்க்காரர்களின் ஆடிக் கடலையில் பேன் பட்ட அடையாளமே இல்லை, ஆவணி மழை எல்லாவற்றையும் கழுவி விட்டது. உனக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்தது. அம்மாவிடம் வந்து, "ஆத்தா, பேன் விழணும்னு உங்க பிள்ளையாருக்கு ஒரு தேங்கா போடுங்களேன்" என்றாய்.

"நல்லா இருக்கே அப்பு ஒன் வேண்டுதலு. ஊரு பூராம் பேன் விழக்கூடாதுன்னு தேங்கா போடுது. பிள்ளையாரு யாரு தேங்காயத்தான் எடுத்துக்குவாரு? நீ ஒக்காந்து சாப்பிடு, வெஞ்சனம் ஆறிப்போகுது" என்றாள் அம்மா.

"அப்ப எங்க மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திப் பாக்குறேன்."

"ஏத்து. அந்தம்மாவாச்சும் ஒனக்குப் பேனைக் குடுக்கட்டும்."

யார் கொடுத்தார்களோ, புரட்டாசியில் மழை சுத்தமாக நின்றுபோனது. வெயில் சுட்டது. ஊர்க் கடலையெல்லாம் முற்றி நின்றது, பேன் அதைச் சீந்தவில்லை. எங்கள் மேட்டுக்காடு மட்டும் இளம் கொழுந்தாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காட்டுக்குப் போனேன். எங்கள் கொடிக்கடலையின் நுனிகளில் கட்டெறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். கொழுந்து தெரியவில்லை, அவ்வளவு பேன். பிறந்ததிலிருந்து பேனைத் திட்டியே வளர்ந்தவன் நான், அன்றைக்குத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் உனக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், போ.

கிடைத்த பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு வந்தேன். உங்கள் கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசற்படியில் நீ வெள்ளைச் சட்டையோடு, பக்கத்தில் வாத்தியார், அவருக்குப் பின்னால் முக்காடு போட்ட ரோசலி. நான் ரோட்டிலிருந்தே, "மாப்ள, அசுவினி வந்துருச்சு" என்று கத்தினேன். ஊரில் உனக்கும் எனக்கும் நடுவில் பேனுக்கு அந்தப் பெயர் கேலிப்பெயராகவே நிலைத்துவிட்டிருந்தது. நீ வாத்தியாருக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? செருப்பைக்கூட மாட்டாமல் சைக்கிளை எடுத்து, என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு பறந்தாய். "யாரு தம்பி அசுவினி?" என்று வாத்தியார் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. உனக்கு விழவில்லை.

மறுநாள் காலையில் வாத்தியார், மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நீ விடியும் முன்பே வந்து காட்டில் இருந்தாய். வாசலில் அம்மாதான் நின்றாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "இங்க அசுவினின்னு..." என்று வாத்தியார் இழுத்தார்.

"ஆமாய்யா, வந்து ரெண்டு நாளாச்சு" என்றாள் அம்மா, புதுசாகக் கற்றுக்கொண்ட வார்த்தையை விட மனசில்லாமல். "தம்பி விடிஞ்சதுல இருந்து அது பக்கத்துலதான் ஒக்காந்திருக்கு. கஞ்சி குடிக்கக் கூப்பிட்டாக்கூட வரமாட்டேங்குது."

வாத்தியார் முகம் இறுகியது. "பக்கத்துலயே உக்காந்திருக்காரா?"

"தொட்டா கையில ஒட்டிக்கிருதாம். அதுல அப்படி ஒரு சந்தோசம் அதுக்கு."

"உங்க வீட்டுல இதை யாரும் கேக்குறதில்லையாம்மா?"

"என்னத்தக் கேக்குறது? எங்க வீட்டுக்காரருதான நாள் பாத்துக் குடுத்தாரு."

நான் குறுக்கே புகுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நல்ல பேச்சை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. ரோசலிதான் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்து, "ஆத்தா, அந்த அசுவினி மனுசியா?" என்று நேராகக் கேட்டது.

"மனுசியா? பேனுல ஏது தாயி மனுசி?" என்றாள் அம்மா.

அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு தொட்டியைத் தட்டிவிட்டது. வாத்தியாருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. எல்லோருமாக மேட்டுக்காட்டுக்கு வந்தோம். நீ மண்ணில் முட்டி போட்டு, இலையோடு இலையாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தாய். மாமனார் ஆகப்போகிறவர் தலைக்கு மேல் வந்து நிற்பதே உனக்குத் தெரியவில்லை. ரோசலி வரிசையோடு நடந்து பார்த்துவிட்டு, பச்சைத் துணி கட்டிய வரிசையில் நின்றது. "இதுல மட்டும் ஏன் ஒண்ணையும் காணோம்?" என்று கேட்டது. நீ தலையைத் தூக்கிய தூக்கு இருக்கிறதே. அதுவரை உன்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. வாத்தியார் இருப்பதை மறந்து, அந்தப் பிள்ளைக்கு நீ ஒவ்வொரு செடியாகக் காட்ட ஆரம்பித்தாய். வாத்தியாரும் செத்த நேரத்தில் கண்ணாடியை வாங்கி ஒரு பேனைப் பார்த்தார். "சரி, பூச்சி வந்துருச்சு. வேலை?" என்றார் கிளம்பும்போது. அவருக்குக் கணக்கு விடை வந்தால்தான் முடிந்தது.

ஐப்பசி மழை வந்து பேனை அடித்துப் போனது. அதற்குள் சேதம் ஆக வேண்டியது ஆகியிருந்தது. எங்கள் கொடிக்கடலை குன்றிப்போய் நின்றது, சிவப்புத் துணி சுமார். பச்சைத் துணியில் பேன் ஏறவே இல்லை, இலை துடைத்து வைத்தது போலப் பளபளத்தது. அம்மா அதற்கு மினுக்கி என்று பெயர் வைத்தாள். மஞ்சள் துணி பாவம், எங்கள் கடலைக்குச் சமமாகப் பேன் ஏறி, இலையெல்லாம் பிசுபிசுத்துக் கருத்துக் கிடந்தது. அதை நீயே கைவிட்டுவிட்டாய்.

கடலை பிடுங்குகிற அன்று மதுரையிலிருந்து உன் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். வந்ததும் வராததுமாக, "ஊரே ஆடியில விதைச்சிருக்கு. நீங்க ஏன் ஆவணியில விதைச்சீங்க?" என்று கேட்டார். நீ வாயைத் திறக்கும் முன்னே அப்பா முன்னால் வந்தார்.

"அசுவினி பாக்குறதுக்குத்தானங்க கடலை போட்டது? அதான் அசுவினில போட்டேன். ஆடியில போட்டிருந்தா ஒரு பேனும் வந்திருக்காதுங்க" என்றார். தப்பாக ஆரம்பித்ததை எவ்வளவு சரியாகக் கொண்டுவந்து முடித்துவிட்டார் பார். அதிகாரி சுற்றிலும் இருந்த ஊர்க்காரர்களை விசாரித்தார், அவர்களும் ஆமாம் என்றார்கள். அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வரிசையோடு நடந்து பார்த்தார். பச்சைத் துணியில் வந்ததும் முகம் மலர்ந்தது. அது அவரே தேர்ந்தெடுத்து அனுப்பிய ரகம் என்று நீ என் காதில் சொன்னாய். "இதுதான். முடிஞ்சது வேலை" என்று ஜீப்பைப் பார்க்கத் திரும்பினார். உன் முகத்தில் நிம்மதி. ரோசலி வீட்டு வாசல்வரைக்கும் உன் மனசு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, மஞ்சள் வரிசையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா, "ஏலே, இங்க வந்து பாருங்களே" என்றாள்.

அவள் கையில் ஒரு செடி. மேலே பார்த்தால் கருத்துச் சுருண்ட இலை. கீழே பார்த்தால் கொத்துக் கொத்தாகக் காய், ஒன்றுகூடப் பொக்கு இல்லை. "இம்புட்டுப் பேனையும் சொமந்துக்கிட்டு இம்புட்டுக் காயா? இவ குடும்பக்காரிடா" என்றாள். பச்சை வரிசையிலும் பிடுங்கிப் பார்த்தோம். சுத்தமான செடி, காய் என்னவோ மஞ்சளைவிடக் குறைவு.

நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் சுபம். அதிகாரிக்கு அவர் ரகம், உனக்கு உன் வேலை. நான் உன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, அந்தச் செடியை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாய்.

"சார், பச்சைக்குப் பேன் வரல. இதுக்கு வந்தும் தாங்கிருச்சு. ரெண்டும் வேற வேற சார். பச்சை மட்டும்தான் நல்லதுன்னு எழுதினா அது சரியா இருக்காது" என்றாய்.

அவர் ஜீப்புக்குப் போகாமல் திரும்பி வந்தார். மஞ்சள் வரிசையில் அவரே குனிந்து நாலைந்து செடி பிடுங்கினார், காயை உடைத்துப் பருப்பைப் பார்த்தார், வாயில் போட்டு மென்றார். உன் பக்கம் திரும்பவே இல்லை. நான் பிள்ளையாரையும் உங்கள் மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டேன். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் ரெண்டையும் பெரிய அளவுல போடுங்க. விதைக்கிற நாளை மட்டும் இந்தப் பெரியவர்கிட்டயே கேட்டுக்கங்க" என்று அப்பாவைக் காட்டினார்.

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நீ சிரிக்கவில்லை. ஜீப் போன பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம்னாரு மாப்ள, கேட்டியா? அடுத்த வருசம்னாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். தை மாதம் உத்தரவு வந்தது. முதல் ஓலை வாசித்த ஞாயிறு நானும் அப்பாவும் கோயிலின் கடைசியில் நின்று கேட்டோம். கல்யாணத்துக்கு உங்கள் கோயில் சாமியார் அனுமதித்த நாட்களைக் கொண்டுவந்து, நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் நீட்டினாய். அதில் அசுவினியும் இருந்தது. "அது வேணாம் தம்பி. இப்பல்லாம் அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குத் தலை அரிக்குது" என்று சொல்லி ரோகிணியில் குறித்துக் கொடுத்தார்.

அறுபதுகள் முழுக்க எங்கள் பக்கத்தில் அந்த மஞ்சள் துணிக் குடும்பக்காரிதான் விளைந்தாள். உன்னை ஊர் ஊராக மாற்றினார்கள். எங்கே இருந்தாலும் கடலை பிடுங்கும் நாளுக்கு ரோசலியும் நீயும் வந்துவிடுவீர்கள். இப்போது காட்டில் வேறு வேறு ரகமெல்லாம் வந்துவிட்டது, எல்லாம் நன்றாகத்தான் விளைகிறது.

என் வீட்டுக்காரி போனபோது நீ வந்தாய். வந்தவர்கள் எல்லோரும் மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். நீ மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பேன் விழுந்துருச்சு மாப்ள. இனிமே காயைப் பாப்போம்" என்றாய். வேறு யாராவது கேட்டிருந்தால் உன்னை அடித்திருப்பார்கள். எனக்கு மட்டும்தான் அதில் எவ்வளவு ஆறுதல் இருந்தது என்று தெரியும். இரண்டு வருசம் கழித்து ரோசலியும் போனது. அப்போது நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன், அதே வார்த்தையை உனக்குத் திருப்பிச் சொன்னேன். இந்தத் தடவை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

துக்கமே அண்டாத மனுசர்கள் இருக்கிறார்கள், பேன் ஏறாத மினுக்கி போல. நான் அந்த ரகம் இல்லை. இந்த ஒரு மாதமாக ராத்திரியில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை வாய்விட்டுச் சிரித்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. பேன் ஏறித்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. காய்க்கவும் செய்கிறது.